கால்காரி

யெசேனியாவை இரண்டாக அறுத்து முடித்ததும் வித்தைக்காரர் எவரிஸ்டோ கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தலை இருந்த பெட்டி மேடையின் இடப்பக்கம் போனது. கால் இருந்த பெட்டி வலப்பக்கம் போனது. தலை சிரித்துக்கொண்டிருந்தது.

வேராகுரூஸ் நகரத்தில் இந்த வித்தையைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் போன வாரம் எவனோ கைபேசியில் படம் பிடித்துப் போட்டு, "அது ரப்பர் கால், உள்ளே மோட்டார் ஓடுது" என்று எழுதிவிட்டான். அதிலிருந்து மேடையில் கால் ஆடினாலே கூட்டம் "மோட்டார்! மோட்டார்!" என்று கத்தியது.

இன்றைக்கு மூன்றாவது வரிசையில் தலைநகரத்துத் தொலைக்காட்சி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கால் நிஜம் என்று அவள் நம்பினால் வாரம் ஒரு நிகழ்ச்சி. நம்பாவிட்டால் எவரிஸ்டோ பழையபடி பிறந்தநாள் வீடுகளில் தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுக்க வேண்டியதுதான்.

கால் நிஜம்தான். யெசேனியாவுடையது இல்லை, அவ்வளவுதான். அவள் தன் காலை மடக்கித் தலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தவை காசில்டாவின் கால்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே அவள் கால் பெட்டியைத் தாங்கும் மேசையின் வயிற்றுக்குள் இருட்டில் சுருண்டுகொள்வாள். கடைசி ஆள் கொட்டகையை விட்டுப் போன பிறகுதான் வெளியே வருவாள். விளம்பரத் தட்டியில் அவள் பெயர் கிடையாது.

வேலைக்குச் சேர வந்தபோது சம்பளத்தைக்கூட அவள் கேட்கவில்லை. "என் முகம் யாருக்காச்சும் தெரியுமா, மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"உன்னைப் பெத்தவளே முன் வரிசையில உக்காந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப வர்றேன்."

அதன் பிறகு அவள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு தபால் அட்டை நிரம்பாது. அவள் சிரித்தோ அழுதோ யாரும் பார்த்ததில்லை. கால் மட்டும் கூச்சம் தாங்காது. ஈ உட்கார்ந்தாலே துள்ளும்.

"யாராச்சும் ஒருத்தர் மேல வாங்க! காலைக் கிச்சுகிச்சு மூட்டுங்க. ரப்பரா, ரத்தமான்னு நீங்களே சொல்லுங்க!"

கை தூக்கிய வாலிபர்களை விட்டுவிட்டு, கை தூக்காத ஒருவரைப் பிடித்து இழுத்தார் எவரிஸ்டோ. நரைத்த மீசை, கக்கத்தில் தொப்பி. ஆட்டம் பார்க்க வந்தவர்போல இல்லை, மழைக்கு ஒதுங்கியவர்போல இருந்தார்.

"பயப்படாதீங்கய்யா, கடிக்காது. வாய் அந்தப் பக்கம் இருக்கு."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சிவப்புச் செருப்பு இரண்டையும் கழற்றிவிட்டு, ஒரு விரலால் உள்ளங்காலில் கோடு இழுத்தார்.

தலை விழுந்து விழுந்து சிரித்தது. கால் அசையவே இல்லை.

கொட்டகை வெடித்தது. "ஏ, தலை சிரிக்குது, கால் தூங்குதுப்பா!" "மோட்டார் நின்னுபோச்சு!" "யாராச்சும் தள்ளிவிடுங்கடா!" மூன்றாவது வரிசை அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

எவரிஸ்டோ உதடு அசையாமல் மேசையைக் கெஞ்சினார். "ஆட்டு தாயே, ஆட்டு." கால் கல்லாகக் கிடந்தது.

அப்போது அந்த மனிதர் இரண்டு கையாலும் காலை ஏந்திக்கொண்டு, எவரிஸ்டோவின் மைக்குக்கு வாயைக் கொண்டுபோனார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"ரப்பர் இல்லைங்க. சூடா இருக்கு. குதிகால்ல பித்தவெடிப்பு இருக்கு. ரப்பருக்கு எங்கேருந்து பித்தவெடிப்பு வரும்?"

கூட்டம் அடங்கியது. பின்னாலிருந்து ஒரு பெண் "அதானே!" என்றாள். அடுத்த நொடி கைதட்டல் தகரக் கூரையைத் தூக்கியது. அம்மாள் பையை மடியில் இறக்கினாள்.

அவர் செருப்பைத் திரும்ப மாட்டினார். வலது காலுக்கு வாரை இறுக்கி, இடது காலுக்கு ஒரு துளை தளர்த்தி, குனிந்துகூடப் பார்க்காமல். செருப்புக்கடை வைத்திருப்பார் போலும் என்று எவரிஸ்டோ நினைத்துக்கொண்டார்.

"உக்காருங்கய்யா, இப்ப பொண்ணை ஒட்ட வைக்கப்போறேன்!"

அவர் உட்காரவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு நடுவழியாக மழைக்குள் இறங்கிப் போனார். அறுத்ததைப் பார்த்துவிட்டு ஒட்டுவதைப் பார்க்காமல் போன ஆள், அந்தக் கொட்டகையில் அவர் ஒருவர்தான்.

ஒப்பந்தம் முடிந்தது. அம்மாளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "அந்த ஆளை எங்க பிடிச்சீங்க? என்ன நடிப்பு! எங்க நிகழ்ச்சிக்கும் அவர்தான் வரணும்."

கொட்டகை காலியானதும் எவரிஸ்டோ மேசையின் கதவைத் திறந்தார். காசில்டா வழக்கம்போல ஊர்ந்து வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மானத்தை வாங்கிட்டியேடி! லூசு மாதிரி நான் மட்டும் தனியா சிரிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் யெசேனியா. அவள் வாழையிலையைப் பிரித்து, அவித்த சோளமாவுத் தமாலைத் தின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் புண்ணியவான் இல்லைன்னா நாம இப்ப நடுத்தெருவுல" என்றார் எவரிஸ்டோ. "ஊரெல்லாம் தேடியாவது அவரைப் பிடிக்கணும். உனக்கு என்ன, கால் மரத்துப்போச்சா?"

"இல்ல."

"பின்னே? ஈ உக்காந்தாலே துள்ளுவியே, இன்னிக்கு என்ன வந்துச்சு?"

காசில்டா இடது செருப்பின் வாரைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடது கால் கொஞ்சம் பெரிது. தளர்ந்திருந்த வாரை அவள் இறுக்கவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை.

"என் புருஷன் கை பட்டா எனக்கு எப்பவுமே கூச்சம் வராது, மாஸ்டர்."