மீன்தலை மேல் ஒரு புகார்

“நம்ம மேல யாரோ புகார் எழுதிப் போட்டிருக்காங்களாம். மீன்வளத் துறை ஆபீசர் வாசல்ல நிக்கிறார்!”

கணவன் ஓடிவந்து சொன்னதும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அண்டாவில் மீன்தலைகள் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தன.

மீன் வெட்டும் கம்பெனி தூக்கிப் போடுகிற தலை, முள், தோல் எல்லாவற்றையும் அள்ளி வந்து, வேகவைத்து, காயவைத்து, அரைத்து இறால் தீவனம் செய்கிறாள். அவர்கள் குட்டையிலுள்ள இறால்கள் அதைத் தின்று கொழுகொழுவென்று வளர்கின்றன. ஆனால் சான்றிதழ் இல்லாத தீவனத்தை மற்ற பண்ணைக்காரர்கள் தொட மாட்டேன் என்கிறார்கள். மீன்வளத் துறைக்குச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் கொடுத்து எட்டு மாதம். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. தெருவுக்கே தெரிந்த கதை.

“வேற யாருங்க? பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கிளார்க்தான். நேத்துகூட மூக்கைப் பொத்திக்கிட்டு, ‘இன்னிக்கு என்னம்மா, சுறாவா?’ன்னு நக்கல் பண்ணினார்” என்றாள் கணவனிடம்.

ஆபீசர் அண்டாவைப் பார்த்தார். காயவைத்த தட்டுகளைப் பார்த்தார். ஒரு பிடி தீவனத்தை முகர்ந்தார். குட்டைக்குள் தீவனத் தட்டை இறக்கச் சொன்னார். சற்று நேரம் கழித்துத் தூக்கினால், இறால்கள் துடைத்து வைத்திருந்தன. கொஞ்சம் தீவனத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் நேரே மதிலருகே போனாள்.

“ஏன் சார், நாத்தம்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே? இப்படி எங்க பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!”

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கிளார்க், குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பத்தாம் நாள் ஆபீசர் திரும்ப வந்தார். கையில் சான்றிதழ்!

“பரிசோதனையில உங்க தீவனம் முதல் தரம்மா. விஷயம் கேள்விப்பட்டு நாலு பண்ணைக்காரங்க உங்க விலாசம் கேக்கறாங்க.”

கணவன் சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனான். அவன் மேலெல்லாம் மீன் செதில். ஆபீசர் இரண்டடி பின்வாங்கினார்.

“அப்போ அந்தப் புகார், சார்?” என்றாள் அவள்.

ஆபீசர் அசடு வழிந்தபடி ஒரு கடிதத்தை நீட்டினார். “நீங்களே படிங்க. கடைசி வரைக்கும் படிக்கணும்.”

‘ஐயா, பக்கத்து வீட்டில் மீன் நாற்றம் தாங்கவில்லை. உடனே வந்து சோதனை செய்யவும்.’

அவளுக்குச் சுருக்கென்றது. கீழே பொடி எழுத்தில் இன்னும் இருந்தது.

‘முப்பது வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். விண்ணப்பம் என்றால் மேஜையிலேயே தூங்கும், புகார் என்றால்தான் உங்களுக்குக் கால் முளைக்கும். வந்தது வந்தீர்கள், தீவனம் நன்றாக இருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நாற்றம் எனக்குப் பழகிப் போய் வெகுநாளாகிறது.’