முன்கதவுச் சங்கிலி

வீட்டில் இருந்தது நூர்தீன், எழில்வேந்தன், சகாயம் என்று பறவை பார்க்கப் போய்ச் சிநேகமான மூன்று பேர். அப்புறம், முன்கதவின் வெளிச்சங்கிலியில் கூடு கட்டியிருந்த தேன்சிட்டும் அதன் இரண்டு குஞ்சுகளும். அதனால் முன்கதவைத் திறப்பதில்லை. போக்குவரத்து எல்லாம் கொல்லைக்கதவு வழியாகத்தான். சகாயத்துக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. ஆனால் அவனுடைய பீரோ கொல்லைக்கதவில் நுழையாது.

"குஞ்சு பறக்கட்டும், அப்புறம் கெளம்புடா," என்றான் நூர்தீன். சகாயமும் வேலை கொடுத்தவர்களிடம் சந்தோஷமாகத் தவணை கேட்டான்.

ஒருநாள் விடிந்ததும் சகாயம் எட்டிப் பார்த்தான். கூடு காலி. யாரிடமும் மூச்சு விடவில்லை. எழில் பல் துலக்கும்போதே கூட்டைப் பார்த்துவிடுகிறவன். சாப்பிடும்போது அவனிடம் கேட்டான்: "குஞ்சுங்க எப்படிடா இருக்கு?"

"கொழுத்துப்போய்க் கெடக்கு. இன்னும் ஒரு வாரமாவது ஆகும்," என்றான் எழில், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பத்து நாள்கூட ஆகும்," என்றான் நூர்தீன்.

சகாயம் சிரிப்பை ரசத்தோடு சேர்த்து விழுங்கினான். "இனிமே தள்ளுனா வேலை போயிரும்டா. பீரோ இங்கயே இருக்கட்டும். பறந்ததும் சொல்லுங்க, வந்து எடுத்துக்கறேன்."

"பறக்கட்டும், சொல்றோம்."

சகாயம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொல்லைப்படி இறங்கினான். பின்னால் கதவைச் சாத்திப் பூட்டும் சத்தம் கேட்டது.