ஆறு நிரல்

திரையில் கட்டுரைத் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. அவள் பெயர் இல்லை.

ஒன்று, அவளுடைய ஆய்வு நெறியாளர் தணிகாசலம். இன்னொன்று, அவருடைய மாப்பிள்ளை. கருத்தரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

கடைசி வரிசையில் இருந்தாள் அவள்.

தணிகாசலம் கரும்பலகையில் கட்டம் போட்டார். உள்ளே 0, 1, 2 மட்டுமே வரலாம். அக்கம்பக்கத்து எண்களுக்குள் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் கூடாது. இப்படி எத்தனை விதமாகக் கட்டத்தை நிரப்பலாம்?

ஒவ்வொன்றாக எண்ணவே வேண்டாம் என்றார். வரிசைகள் கூடக்கூட, முந்தைய சில விடைகளைப் பெருக்கிக் கூட்டினால் அடுத்த விடை வந்துவிடும். எதை எதனால் பெருக்குவது என்பதற்கு ஒரே விதிதான். வரிசை குறுக்கே, நிரல் நெடுக்கே; கட்டம் எத்தனை நிரல் அகலமானாலும் அதே விதி.

அந்த விதியைக் கண்டுபிடிக்க அவள் வருடக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிரல் வரை கணினியில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. ஐந்துக்குப் பொருந்தினால் ஐயாயிரத்துக்கும் பொருந்தும் என்று இந்தத் துறையில் எல்லோருக்கும் ஒரு மிதப்பு உண்டு. அவளுக்கும் இருந்தது.

கட்டுரையிலிருந்து தன் பெயரை நீக்கியது தெரிந்த அன்று, ஆத்திரத்தில், ஆறு நிரலுக்கு ஓட்டினாள்.

விதி உடைந்தது.

அவரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அந்தக் கட்டுரைக்கு அவள் யார்?

"ஆறு நிரலுக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

கேட்டவர் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஞானசிகாமணி. மடியிலிருந்த லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"இப்பதான் ஓட்டினேன். வரலையே சார்."

அரங்கில் யாரோ இருமினார்கள். மாப்பிள்ளை போனைப் பைக்குள் வைத்தார்.

அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. வெட்கமே இல்லாமல் இனித்தது.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். பிறகு கடைசி வரிசையைக் கைகாட்டினார்.

"கணக்கு முழுக்க என் ஸ்டூடன்ட் போட்டது சார். பா. கயற்கண்ணி. அந்தப் பொண்ணை நம்பினது என் தப்பு."

தலைப்பெழுத்தைக்கூட விடவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"முழுக்க நீங்க போட்டதாம்மா?" என்றார் ஞானசிகாமணி.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி திரும்ப அவர் தலையிலேயே விழும்.

"ஆமா சார்," என்றாள். "தப்பும் என்னோடதுதான். அவங்க ரெண்டு பேருக்கும் இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."