கறுப்படிக்காத கதவு

அண்ணன் பென்சிலில் வரைவான், தங்கை அதன்மேல் மை போடுவாள். முழுக் கறுப்பாக வேண்டிய இடத்தில் அவன் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவான். அந்தக் காமிக்ஸ் பத்திரிகைக்குப் பதினெட்டு வருடமாக இப்படித்தான் வேலை நடந்தது.

அண்ணன் இறந்து இரண்டு மாதமாகிறது. அவனுடைய கடைசிப் பக்கத்தில் மை போட ஒரே ஒரு கட்டம் பாக்கி. திறந்த கதவு, நடுவில் பெருக்கல் குறி.

திங்கட்கிழமை அவள் பிரஷ்ஷை மையில் தோய்த்தபோது, கதவுக்குள்ளே கடுகளவில் ஒரு பென்சில் உருவம் நின்றது. கதையில் அப்படி யாரும் கிடையாது. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டாள். செவ்வாயன்று அது நகத்தளவு இருந்தது. புதனன்று, இடது தோள் சற்றே இறங்கியிருப்பது தெரிந்தது. அண்ணனுக்கும் அப்படித்தான்.

வெள்ளியன்று பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"ஏம்மா, ஒரு கதவுக்கு ஒரு வாரமா? நானே வந்து கறுப்படிச்சுடட்டுமா?"

"நீங்க அடிச்சா சுவரும் சேர்ந்து கறுப்பாயிடும் சார்."

"சாயங்காலம் வர்றேன். பக்கம் கைக்கு வந்தாகணும்."

அவள் அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். அதே அளவில் வேறொரு கதவு வரைந்து, கறுப்படித்து, அந்த இடத்தில் ஒட்டினாள்.

"அடடா, அப்படியே அண்ணன் கை!" என்று வாங்கிக்கொண்டு போனார் ஆசிரியர்.

அவள் மேஜைக்குத் திரும்பினாள். வெட்டிய துண்டில் அண்ணன் வாசற்படிவரை வந்திருந்தான். கட்டத்தின் பென்சில் கோட்டில் உள்ளங்கையைப் பதித்து நின்றான்.

ரப்பரை எடுத்து, அந்தக் கோட்டை மெதுவாக அழிக்கத் தொடங்கினாள்.