காது கிழிகிற சத்தம்

"இதுவும் இல்லை தம்பி" என்று பெரியவர் உதட்டைப் பிதுக்கினார்.

இசைக்கருவி மெக்கானிக்குக்கு அலுத்துவிட்டது. கிட்டார் ஓசையைக் கரகரப்பாக்கும் பழைய ஃபஸ் பெடல்கள் இரண்டை அவர் வீட்டு மாடிக்கே சுமந்து வந்திருந்தான். ஒன்றிலிருந்த சிலிக்கான் சர்க்யூட் கத்தியாய்க் கீறியது. மற்றதிலிருந்த ஜெர்மானியம் சர்க்யூட் கம்பளி போர்த்தியதுபோல் கனத்து ஒலித்தது. பெரியவரோ ஒவ்வொன்றிலும் கிட்டாரை ஒரு மீட்டு மீட்டிவிட்டு, படிக்கட்டுப் பக்கமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"கடைசியில மூச்சுத் திணறி அறுந்துபோற மாதிரி வரணும்ப்பா."

"அப்போ பேட்டரி தீர்ற நிலையில இருந்திருக்கும்."

அவன் ஜெர்மானியம் பெடலில் பழைய பேட்டரி ஒன்றை மாட்டினான். பெரியவர் மீட்டினார். ஓசை கரகரத்து, திக்கி, அறுந்தது.

கீழேயிருந்து ஒரு பெண்குரல் சீறியது. "டேய், சத்தத்தைக் குறைடா! காது கிழியுது!"

பெரியவர் முகம் மலர்ந்தது. "இதுதான்! இதையே குடுத்துடு."

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அம்மா உங்களையா 'டேய்'ங்கிறாங்க?"

"என்னை இல்லப்பா, எங்க பையனை. போன வருஷம் பைக் விபத்துல போய்ட்டான். தோள்பையில இருந்த பெடலும் கூடவே நொறுங்கிடுச்சு. அதிலேர்ந்து அவளுக்கு ஞாபகம் பிசகிப்போச்சு. பிள்ளை இன்னும் வீடு வந்து சேரலையேன்னு தினமும் வாசல்லயே நிக்கிறா."

கீழே மறுபடியும் குரல் உயர்ந்தது. மெக்கானிக் அவசரமாகக் குனிந்து பெடலின் சத்தக் குமிழைத் தொட்டான்.

"குறைச்சிடாதே" என்றார் பெரியவர். "அவன் ஒருநாளும் குறைச்சதில்லை."