வெள்ளிக்கிழமை வகுப்பு

துவைக்க எடுத்த சட்டையின் பையில் ஒரு சூயிங்கம் அட்டை. மேலே எழுதியிருந்ததைப் படித்ததும் மனைவிக்குக் கோபம் தலைக்கேறியது.

"புகைப் பழக்கத்தை விடறவங்க மெல்லுறதாம்! அப்படின்னா இருபது வருஷமா எனக்குத் தெரியாம ஊதித் தள்ளியிருக்கீங்க!"

கணவர் மரச்சாமான் தொழிற்சாலையில் பாலிஷ் போடுபவர். பக்கத்து வீட்டில் யாராவது பற்ற வைத்தாலே இங்கே ஜன்னலைச் சாத்துகிற மனிதர். இப்போது திருதிருவென்று விழித்தார்.

"கம்பெனியில வெள்ளிக்கிழமை தோறும் டாக்டர் வந்து வகுப்பு எடுக்கறார். விட்டுடுவேன்."

"விடறது இருக்கட்டும், எப்பத் தொட்டீங்க?"

அவர் அழுக்குச் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"என் தம்பியும் அங்கதானே மரம் அறுக்கறான்? காபியைத் தவிர ஒரு பழக்கம் உண்டா அவனுக்கு? அவனைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதா?"

"கத்துக்கறேன்" என்றார் பரம சாதுவாக.

அந்தச் சாது முகம் அவளை இன்னும் கிளப்பிவிட்டது. தம்பிக்குப் போன் போட்டாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவன், என்னவோ ஏதோ என்று ஓடி வந்தான்.

"நீயே கேளுடா உங்க மாமாவை!"

தம்பி அட்டையைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். 'வாயைத் திறக்காதே' என்று மாமா கண்ணாலேயே சொன்னார். அவனுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"அக்கா, பிடிக்கிறது நான்தான்."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குக் குழந்தை பிறக்கறதுக்குள்ள விட்டுடணும்னு வகுப்புக்குப் பேர் குடுத்தேன். ஆறு பேர் சேர்ந்தாத்தான் டாக்டர் வருவார்னு சொல்லிட்டாங்க. பிடிக்கிறவங்க யாரும் வரமாட்டேன்னுட்டாங்க. மாமாதான் தன் பேரைக் குடுத்து, இன்னும் நாலு பேரையும் இழுத்துட்டு வந்தார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"அந்த நாலு பேராவது பிடிக்கிறவங்களா?"

"ஒருத்தரும் இல்லக்கா. டாக்டர் எதிர்ல இந்தச் சூயிங்கத்தை மென்னு, மாமாவுக்குத் தலையே சுத்திடுச்சு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன அவளுக்கு.

"இப்ப நீ எப்படிடா இருக்கே?"

"போன வாரத்துலேர்ந்து தொடலைக்கா. இன்னும் நாலு வகுப்பு பாக்கி. இந்த விஷயம் வெளியே தெரிஞ்சா வகுப்பையே அதோட நிறுத்திடுவாங்க."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கணவரோடு வேலை செய்யும் தச்சரின் மனைவி. எடுத்ததுமே விசும்பல்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில ஒரு சூயிங்கம் இருந்ததுக்கா. என்னை இத்தனை நாளா ஏமாத்தியிருக்கார்!"

தம்பியும் கணவரும் மூச்சுவிடாமல் அவளையே பார்த்தார்கள்.

"அழாதேம்மா, வகுப்புக்குப் போறார் இல்ல, விட்டுடுவார்" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர் மட்டும் என்ன ஒழுங்கா? இருபது வருஷமா ஊதித் தள்ளினவர்தான்!"