கதவின் வெளிப்பக்கம்

மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள்: அக்கா, தம்பி, கணினித் திரையில் ஓர் எலும்புக்கூடு. அந்த விளையாட்டில் யாரும் கதை சொல்வதில்லை. கிடக்கும் பொருள்களைப் பார்த்து நாம்தான் ஊகிக்க வேண்டும். அதில் அக்கா கில்லாடி.

“சாவி அவன் கையிலயே இருக்கு. உள்ள பூட்டிக்கிட்டுத்தான் செத்திருக்கான். ஆனா நகக்கீறல் கதவோட வெளிப்பக்கம். கூட வந்தவனை வெளியிலேயே விட்டுட்டான், பாவி.”

“நீ மட்டும் திறந்திருப்பியாக்கும்?”

“நீ நின்னா திறப்பேன்டா, எருமை.”

தம்பி சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனான். போகும்போது ஓர் ஆள் நடக்கும் சத்தம்தான். திரும்பும்போது இரண்டு பேர் நடந்து வந்தார்கள்.

“அக்கா,” என்றான் தம்பி, அறைக்கு வெளியிலிருந்து, மெதுவாக.

அக்கா கதவைச் சாத்தினாள். பூட்டினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.